கூட்டலின் வடிவம்

பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு இரண்டு மார்க் கேள்வி ஞாபகம் இருக்கும். மூன்றாவது செமஸ்டர், எம்-த்ரீ பேப்பர்: டிரிச்லெட் நிபந்தனைகளை எழுதுக. சார்பில் முறிவுகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்க வேண்டும், ஏற்ற இறக்கங்களும் அப்படியே. இப்படி மூன்று வரி எழுதினால் இரண்டு மார்க். அந்த நிபந்தனைகள் எதற்கு, அவை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் பேப்பரில் இருந்த ஒரே தத்துவக் கேள்வி அதற்குள்தான் ஒளிந்திருந்தது. ஒரு பொருளின் எல்லாப் பகுதிகளும் கைக்கு வந்துவிட்டால், அந்தப் பொருளும் கைக்கு வந்துவிடுமா?

வந்துவிடும் என்பது நம் காலத்தின் நம்பிக்கை. போதுமான டேட்டா இருந்தால் போதும், எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் உண்மை ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கிறோம். ஒரு மனிதரைப் பற்றி, ஒரு எழுத்தாளரைப் பற்றி, ஒரு ஆட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நம்பிக்கை அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க' என்கிறோம். எந்த வரிசையில் சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் சேர்க்கப்போகிறோம் என்றால் வரிசைக்கு என்ன வேலை?

1807-ல் ஜோசப் ஃபூரியே வெப்பம் பரவுவதைப் பற்றி ஒரு கட்டுரையைப் பாரிஸில் சமர்ப்பித்தார். அப்போது அவர் கிரெனோபிளில் நிர்வாக அதிகாரி. அதற்கு முன் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தவர். எந்தச் சார்பையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது அவர் சொன்ன விஷயம். பரிசீலித்தவர்களில் ஒருவரான லக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. கோணல்மாணலான ஒரு கோட்டை வழவழப்பான அலைகளைக் கூட்டிக் கொண்டுவர முடியும் என்பது அந்தக் காலத்தில் நம்பக்கூடிய விஷயமாக இல்லை. புத்தகம் வெளிவர 1822 ஆனது.

ஒரு மாறி மட்டும் உள்ள ஃபூரியே தொடரில் எந்த வரிசையில் கூட்டுவது என்று யாரும் சண்டை போட்டதில்லை. முதலில் மெதுவான அலை, அடுத்து அதைவிட இரண்டு மடங்கு வேகமான அலை, பிறகு மூன்று மடங்கு. 1, 2, 3 என்று எண்களே வரிசையில் நிற்கின்றன. முதல் நூறு அலைகளைக் கூட்டிப் பார், பிறகு ஆயிரம். கூடுதல் ஓர் இடத்தில் வந்து நின்றால் தொடர் குவிகிறது, நிற்காவிட்டால் விரிகிறது. அந்த வரிசையை யாரும் தேர்ந்தெடுத்ததாகவே தோன்றாது.

அதிலேயே சிக்கல் இல்லாமல் இல்லை. முறிவே இல்லாத ஒரு சார்பின் தொடரும் ஒரு புள்ளியில் குவியாமல் போகலாம் என்று 1873-ல் டு புவா-ரேமோன் காட்டினார். பத்தொன்பது வயதில் கொல்மொகோரொவ் இன்னும் மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தார், 1923-ல் அச்சானது. ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் விரியும் தொடர் அது. ஆனால் அந்தச் சார்பு ரொம்பவும் முரட்டுத்தனமானது. கொஞ்சம் ஒழுங்கான சார்புகள், அதாவது வர்க்கத்தின் மொத்தம் முடிவுள்ளதாக இருக்கும் சார்புகள் இப்படி நடந்துகொள்ளுமா? நடந்துகொள்ளாது என்று லூசின் கணித்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1966-ல் லென்னார்ட் கார்லெசன் அதை நிரூபித்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கார்லெசன் முதலில் எதிர் எடுத்துக்காட்டைத்தான் தேடினார் என்பது. அது ஏன் கிடைக்க மறுக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான், அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்ற நிரூபணத்துக்கு வந்தார். ஆக, ஒரு மாறி உலகத்தில் நம் நம்பிக்கை ஏறக்குறைய பிழைத்துக்கொண்டது.

இரண்டு மாறிக்கு வந்தால்தான் கதை மாறுகிறது.

ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு அலைக்கும் இப்போது இரண்டு எண்கள் தேவை: கிடைமட்டமாக எத்தனை அலை, செங்குத்தாக எத்தனை அலை. (3, 5) ஒரு அலை, (4, 4) இன்னொரு அலை. இந்த இரண்டில் எது முதலில் வர வேண்டும்? எண்கள் கோட்டில் நிற்காமல் கிராஃப் தாளில் பரவிவிட்டன. கிராஃப் தாளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது.

இது வெறும் நடைமுறைச் சங்கடம் என்று தோன்றினால் ஒரு சின்ன அட்டவணை போட்டுப் பாருங்கள். முதல் வரியில் 1, –1, பிறகு எல்லாம் சுழியம். இரண்டாவது வரியில் ஒரு கட்டம் தள்ளி, 0, 1, –1, பிறகு சுழியம். மூன்றாவது வரியில் இன்னொரு கட்டம் தள்ளி. இப்படியே முடிவில்லாமல். வரி வரியாகக் கூட்டினால் ஒவ்வொரு வரியும் சுழியம், எனவே மொத்தம் சுழியம். பத்தி பத்தியாகக் கூட்டினால் முதல் பத்தி 1, மற்றதெல்லாம் சுழியம், எனவே மொத்தம் 1. சதுரம் சதுரமாகக் கூட்டினாலும் எப்போதும் 1 வரும். சதுரத்தில் வலப்பக்கம் ஒரே ஒரு பத்தியை மட்டும் சேர்த்துச் செவ்வகமாக்கினால் எப்போதும் 0. ஒரு எண்ணைக்கூட விடவில்லை, ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்த்தோம்.

இரட்டை ஃபூரியே தொடரில் இந்தப் பிரச்சினை முழு உடம்போடு வருகிறது. கிராஃப் தாளில் மையத்திலிருந்து ஒரு வடிவத்தை வரைந்து, அதற்குள் இருக்கும் அலைகளைக் கூட்டிக்கொண்டே வடிவத்தைப் பெரிதாக்குகிறோம். சதுரம் வரையலாம். வட்டம் வரையலாம். நீளமும் அகலமும் தனித்தனியாக இஷ்டத்துக்கு வளரும் செவ்வகம் வரையலாம். மூன்றும் கடைசியில் தாள் முழுவதையும் விழுங்கிவிடும்.

1971-ல் சார்ல்ஸ் ஃபெஃபர்மன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், எங்கும் முறிவில்லாத ஒரு சார்பைக் கட்டிக் காட்டினார். செவ்வகங்களாகக் கூட்டினால் அதன் தொடர் எந்தப் புள்ளியிலும் குவியாது. எந்தப் புள்ளியிலும்! ஒரு மாறி உலகத்தில் கார்லெசன் கொடுத்த உத்தரவாதம் இங்கே மொத்தமாகச் சரிகிறது. ஆனால் சதுரங்களாகக் கூட்டினால் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் குவியும். இந்த நல்ல செய்தியையும் அவரே அதே வருடம் நிரூபித்தார். டெவ்ஸாட்ஸே, ஷோலின் ஆகியோரும் அதே சமயத்தில் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டிய கையின் வடிவம் மட்டும்தான் வேறு.

ஃபெஃபர்மனின் யோசனை அழகானது. ஒரு அலையை எடுத்துக்கொள்கிறார். தாளில் மேலே போகப் போக அதன் கிடைமட்ட நெளிவுகள் நெருங்கும். வலப்பக்கம் போகப் போகச் செங்குத்து நெளிவுகள் நெருங்கும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஒரு ஜோடி அதிர்வெண் அமைந்துவிடுகிறது. செவ்வகத்தின் மூலை சரியாக அந்த ஜோடியில் போய் நின்றால், அந்தப் புள்ளியில் கூடுதல் எகிறும். அலையை வேகமாக்க வேகமாக்க, மெதுவாக என்றாலும் எல்லையில்லாமல் எகிறும். இப்படிப்பட்ட அலைகளை எடை குறைத்துக் குறைத்து அடுக்கிக்கொண்டே போனால் அவர் தேடிய சார்பு கிடைக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதைக் கெடுப்பதற்கென்றே ஒரு செவ்வகம் எங்கோ காத்திருக்கிறது. சதுரத்தின் மூலையோ மூலைவிட்டத்தை விட்டு நகர முடியாதது. அதனால் அத்தனை பேரையும் தேடிப்போய்க் கெடுக்க அதற்கு வழியில்லை.

இதே சார்பைப் பற்றி இன்னொரு உண்மையும் உண்டு. புள்ளி புள்ளியாகப் பார்க்காமல் தாள் முழுவதற்குமான மொத்தப் பிழையை அளந்தால், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டினால், அது சதுரத்திலும் சுழியத்துக்குப் போகும், வட்டத்திலும் போகும், அந்த நாசமாய்ப்போன செவ்வகத்திலும் போகும். பார்செவல் தேற்றம், எம்-த்ரீயில் அதற்கும் ஒரு இரண்டு மார்க் உண்டு. எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தக் கணக்கு நேராகிவிடும். மொத்தத்துக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. தனிப் புள்ளிக்கு மட்டும் வரிசைதான் தலைவிதி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வருடாந்திர ரேட்டிங் கூட்டம். பதினோரு பேரின் விவரம் ஒரு ஷீட்டில். முடித்த டிக்கெட்டுகள், எழுதிய கோட், மற்றவர் கோடைப் பார்த்துத் திருத்தியது, இரவு ஆன்-கால் எடுத்தது, ஆவணங்கள் என்று ஏகப்பட்ட பத்திகள். மேனேஜர் டிக்கெட் எண்ணிக்கைப்படி அடுக்கி வைத்திருந்தார். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் ஆறு பேருக்கு ஐம்பது நிமிடம் போய்விட்டது. எட்டாவது இடத்தில் ஒரு பெண் இருந்தார். எங்கள் டீமில் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எல்லோரும் போன் செய்வது அவருக்குத்தான். மற்றவர்களின் கோடில் இருந்த ஓட்டைகளை முக்கால்வாசி பிடித்ததும் அவர்தான். அந்த வேலைக்கு டிக்கெட் விழாது. நான் ஆன்-கால் பத்தியை வைத்து ஷீட்டை மறுபடி அடுக்கிக் காட்டினேன். அவர் முதலிடத்துக்கு வந்தார்.

"நீங்க உங்களுக்கு வேண்டிய ஆளுக்காக சார்ட் பண்றீங்க பாஸ்" என்றார் மேனேஜர். "எப்படி சார்ட் பண்ணா என்ன? டேட்டா மொத்தமும் இங்கதானே இருக்கு. கடைசில எல்லாம் ஒண்ணுதான்."

டீமுக்கு ஒதுக்கிய போனஸ் தொகை எப்படி அடுக்கினாலும் அதேதான் என்ற வகையில் அவர் சொன்னது சரி. மொத்தக் கணக்கு நேராகிவிடும். எட்டாவது ஆளைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசினார்கள். எதிர்பார்ப்பை நிறைவு செய்தார் என்று ஒரு ரேட்டிங் கொடுத்தார்கள்.

கணிதத் தேற்றத்தை எடுத்து மனிதர்கள் மேல் ஒட்டுவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோடலையும் ஹைசன்பர்கையும் இழுத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கும் கட்டுரைகளை நாம் நிறையவே படித்தாயிற்று. அந்தக் கூட்டத்தில் யாருக்கு என்ன ரேட்டிங் நியாயம் என்று ஃபெஃபர்மன் சொல்ல முடியாது. ஆனால் மேனேஜர் சொன்னது ஒரு பொதுக்கூற்று: எல்லாத் தகவலும் இருந்தால் வரிசை ஒரு பொருட்டில்லை. பொதுக்கூற்றைக் கவிழ்க்க ஒரே ஒரு எதிர் எடுத்துக்காட்டு போதும். பாரபட்சம் இல்லாத, நேரத் தட்டுப்பாடு இல்லாத, யாரும் யாருக்கும் வேண்டப்பட்டவர் இல்லாத சுத்தமான எண்களின் உலகத்திலேயே அந்தக் கூற்று பொய் என்றால், ஏசி ரூமில் ஒரு மணி நேரத்தில் அது உண்மையாகிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அவருடைய முதல் வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. நான் எனக்கு வேண்டிய ஆளுக்காக அடுக்கினேன் என்பது உண்மை. ஆன்-கால் வரிசை அந்தப் பெண்ணுக்குச் சாதகம், டிக்கெட் வரிசை வேறு யாருக்கோ சாதகம். ஒன்று அவர் திறந்த ஷீட்டில் முன்பே இருந்தது என்பதால் அது வரிசை போலவே தெரியவில்லை, இயற்கை போலத் தெரிந்தது. இன்னொன்றை நான் எல்லோர் கண்முன்னும் செய்ததால் அது சதி போலத் தெரிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். வரிசையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை, வேறு வழியே இல்லாதபோது அதை எப்படிக் குற்றம் என்பது? தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். யாருக்கும் சாதகமில்லாத வடிவம் ஒன்று இருக்குமே, அதைப் பிடித்துக்கொண்டால் என்ன? கிராஃப் தாளில் அந்த வடிவம் வட்டம். சதுரத்துக்கு நான்கு பக்கம் உண்டு, எனவே நான்கு திசைகள் மட்டும் விசேஷம். வட்டத்துக்கு எல்லாத் திசையும் ஒன்று. இயற்பியலும் வட்டத்தின் பக்கம்தான்: வெப்பம் பரவும்போது அலைகளை அவற்றின் மொத்த அதிர்வெண்ணை வைத்துத்தான் தணிக்கிறது, திசை பார்ப்பதில்லை. நடுநிலை என்பதற்கு ஒரு படம் வரையச் சொன்னால் நானும் வட்டம்தான் வரைவேன்.

ஆனால் மூன்றில் ரொம்பப் படுத்துவது இந்த வட்டம்தான். சதுரத்தின் ஓரம் நான்கு நேர்கோடுகள் என்பதால், ஒரு மாறிக்குத் தெரிந்த வித்தைகளை வைத்தே அதைச் சமாளித்துவிடலாம். வட்டத்தின் ஓரத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதுத் திசை. எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் சமமாக நடத்த வேண்டும் என்றால், எல்லாத் திசைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடிய மிக மோசமான விதத்தையும் சந்தித்தாக வேண்டும். அந்த மோதலின் பெயர் ககேயா. ஒரு ஊசியை எல்லாத் திசைக்கும் திருப்ப எவ்வளவு பரப்பு வேண்டும் என்று 1917-ல் அவர் கேட்டார். எவ்வளவு சின்னப் பரப்பு வேண்டுமானாலும் போதும் என்று பெசிகோவிச் காட்டினார். எல்லாத் திசையிலும் ஊசிகளை, ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படியும்படி, ஏறக்குறைய இடமே இல்லாத இடத்தில் அடைத்துவிடலாம். ஃபெஃபர்மன் அதே 1971-ல் இந்த ஊசிக் குவியலை வட்டத்தின் ஓரத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டார். மேலே சொன்ன வர்க்க அளவைத் தவிர, அந்த இனத்தைச் சேர்ந்த வேறெந்த அளவுகோலை வைத்து மொத்தப் பிழையை அளந்தாலும், வட்டக் கூட்டல் எல்லாச் சார்புகளுக்கும் வேலை செய்யாது என்று அவர் நிரூபித்தபோது, அந்தத் துறையில் இருந்தவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் வேறு விடை. (ஊசிக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பரிமாணத்தில் ககேயா கணிப்புக்கு ஹாங் வாங்கும் ஜோஷுவா ஸாலும் 2025-ல்தான் நிரூபணம் வெளியிட்டார்கள்.)

வர்க்க அளவிலேயே நின்றுகொண்டு, வட்டங்களாகக் கூட்டினால் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் குவியுமா என்று கேட்டால், அதாவது கார்லெசன் ஒரு மாறிக்குச் சொன்னதை வட்டத்துக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டால், இன்னும் விடை கிடையாது. சதுரத்துக்கு ஆம், செவ்வகத்துக்கு இல்லை, எல்லோரையும் சமமாக நடத்தும் வடிவத்துக்குக் கேள்விக்குறி. நடுநிலையை ஒரு வடிவத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற ஆசைக்கு இதைவிடக் கறாரான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு வைத்தியம் இருக்கிறது. வடிவத்தின் ஓரம் கத்தி வெட்டாக இருப்பதால்தான் இவ்வளவு சங்கடமும். உள்ளே இருந்தால் முழு மதிப்பு, ஒரு மயிரிழை வெளியே போனால் சுழியம். ஓரத்தை மழுக்கி, ஓரத்தை நெருங்க நெருங்க எடையைக் குறைத்துக்கொண்டே வந்தால்? ஒரு மாறியில் 1900-த்தில் ஃபெயேர் இதைச் செய்தார். அவருக்கு அப்போது இருபது வயது. பகுதிக் கூடுதல்களை நேரடியாகப் பார்க்காமல் அவற்றின் சராசரியைப் பார்த்தால், முறிவில்லாத எந்தச் சார்பும் எல்லாப் புள்ளியிலும் திரும்பக் கிடைத்துவிடும். பல மாறிகளுக்கு, வட்டத்தின் ஓரத்தை மழுக்கும் முறையை 1930-களில் பாக்னர் ஆராய்ந்தார். இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு சொந்தம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்துத் திரும்பிய ஆனந்தராவ் மாநிலக் கல்லூரியில் இருந்தபோது அவரைச் சுற்றி உருவான கூட்டத்தின் பெரிய ஈடுபாடே, விரியும் தொடர்களுக்கு எப்படி நியாயமாக ஒரு மதிப்புக் கொடுப்பது என்பதுதான். அதிலிருந்து வந்த சந்திரசேகரனும் மீனாட்சிசுந்தரமும் இரட்டை ஃபூரியே தொடர்களில் வேலை செய்தார்கள். 1952-ல் 'டிப்பிக்கல் மீன்ஸ்' என்று இந்த மழுக்கிய சராசரிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்கள். மனிதர்களை எடைபோடுவதைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது, கவலைப்பட வேண்டாம்.

மழுக்குவது உதவுகிறது. ஆனால் எவ்வளவு மழுக்குவது என்பது இன்னொரு தேர்வு. இதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் 64 கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதப்படுகிறது. அடியில் இருப்பது நாசிர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974-ல் வெளியிட்ட உருமாற்றம். அந்த 64 எண்களையும் மூலையிலிருந்து வளைந்து வளைந்து குறுக்காகப் படிக்கிறார்கள். இயல்பான வரிசை என்று ஒன்று கிடையாது. ஒன்றை யாராவது வைத்தாக வேண்டும். வேகமான அலைகளைப் பெரிய எண்களால் வகுத்துச் சுழியமாக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. மனிதக் கண் புகைப்படங்களில் எதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை என்பதை வைத்து அதை அமைத்தார்கள். முகத்துக்கும் மேகத்துக்கும் அது பிரமாதம். ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக்காக அனுப்பிப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் கொசு மொய்க்கும். எழுத்தின் கூர்மை வேகமான அலைகளில்தான் இருக்கிறது, அட்டவணை போட்டவர்களுக்கு அது முக்கியமாக இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டவணையை அவர்கள் மறைக்கவில்லை, ஒவ்வொரு ஜேபெக் கோப்புக்குள்ளேயும் அது கூடவே பயணம் செய்கிறது. திறந்து பார்த்தால் எதை எவ்வளவு வெட்டினார்கள் என்று படிக்கலாம்.

கணிதத்திலும் இதே மரியாதை உண்டு. பல மாறி ஃபூரியே தொடர் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே எந்த வடிவத்தில் கூட்டப்போகிறோம் என்று எழுதியிருக்கும். வெறுமனே 'குவிகிறது' என்று எழுதினால், எந்த வகையில் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ரேட்டிங் ஷீட்டின் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: இந்த முறை எந்தப் பத்திப்படி அடுக்கியிருக்கிறது, யார் அடுக்கியது. போன கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்த வரியைப் படித்துவிட்டு, "ஏண்ணா இந்தப் பத்தி?" என்று கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கே இருபது நிமிடம் ஆனது, இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளி வைத்தோம்.